தண்ணி மட்டும் குடிக்கலாம்

மாலா,

நீயும் அம்மாவும் ரவிக்கைத் துணி எடுக்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருக்கிறீர்கள். அம்மா ஒரு கடையில் விலை கேட்டு, நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே வந்துதான் வாங்குவாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கு எப்படியும் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன், முடியவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "செவ்வாக்கெழம கண் டாக்டர பாக்கப் போறப்ப தேவிய அனுப்பி வைக்கிறேன்பா. அவ ஃபார்ம் டூ படிக்கிறா, இங்கிலீஷ் நல்லா பேசுவா. நான் லீவு எடுத்தா கல்யாணத்துக்கு லீவு பத்தாது" என்றாய். நான் வேண்டாம் என்று சத்தம் போட்டேன். "ஏம்பா கத்துறீங்க, உங்களுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்று கேட்டுவிட்டு நீ தட்டைக் கழுவப் போய்விட்டாய். உன் சித்தி மகள் தேவி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் ஏன் கத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாளும்.

முதலில் உன்னைப் பற்றி ஒரு விஷயம். யாரிடம் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்பாய். மீன்காரரிடம் கேட்பாய், ஆபீஸில் உடன் வேலை செய்கிறவர்களிடம் கேட்பாய், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையிடமும் கேட்டாயாம். அவர் சிரித்துக்கொண்டே ஒப்பித்தாராம். எல்லாரும் உன்னை வாத்தியாரம்மா என்று கேலி செய்யும்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் எந்த நாளில் உன்னிடம் வந்தது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எதையும் பிரித்துப் பார்க்கிறவன். ரேடியோ, கடிகாரம், இஸ்திரிப் பெட்டி எதையும் விட்டதில்லை. பூட்டத் தெரிகிறதோ இல்லையோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உன் விஷயத்தில் மட்டும் பதினைந்து வருஷமாக மூடியில் கை வைக்காமல் இருந்தேன். திறந்தால் உள்ளே நான்தான் இருப்பேன் என்று தெரியும்.

நாம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். எனக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த தமிழும், வேலையிடத்து மலாயும் தெரியும். இங்கிலீஷ் என்றால் ஸ்பேனர், பேரிங், ஓவர்டைம், அவ்வளவுதான். தபால் ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று எந்த கவுண்டருக்குப் போனாலும், எட்டு ஒன்பது வயதிலிருந்தே உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். நான் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அந்த வரிசையில் இருந்த பாதிப் பேர் அப்படி ஒரு பிள்ளையோடுதான் வந்திருப்பார்கள். பெரியவர்களின் கடன், வியாதி, வழக்கு எல்லாம் அந்தச் சின்ன வாய்களின் வழியாகத்தான் போய் வந்தன. இது பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்று அப்போது எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. நம்ம பிள்ளை என்னமா பேசுது பாரு என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

நீ எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாலாம் வகுப்பில் ரிப்போர்ட் கார்டு வாங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உன் டீச்சர் நர்ஸ் மிஸி மாதிரி வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் இங்கிலீஷில் பேசினார். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாய். "கணக்குல கெட்டிக்காரின்னு சொல்றாங்கப்பா." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வகுப்புல ரொம்பப் பேசுறேனாம். பக்கத்துப் பிள்ளைய கிள்ளி வச்சேனாம். அதையும் சொல்லச் சொல்றாங்க" என்றாய். எனக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நல்ல பிள்ளை என்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் நான் உனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்திருப்பேன். உன்னைப் பற்றிய புகாரையே ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்து கொடுத்தவள் நீ. இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

உனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நான் என்னமாய் ஆச்சரியப்பட்டேன் தெரியுமா. வியாதிக்கு இவ்வளவு ருசியான பெயரா என்று வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். கிளினிக்கில் அப்போது பர்மாவிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு மலாயும் வராது, தமிழும் வராது. எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் மாதம் ஒரு நாள் நீ பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாய். முதல் தடவை அவர் சொன்னதை நீ இப்படிச் சொன்னாய்: "அடுத்த தடவ ரத்தம் எடுக்க வரப்ப பசியாறாம வரணுமாம்பா. தண்ணி மட்டும் குடிக்கலாமாம்."

இந்த ஊரில் தண்ணி என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும், "தண்ணி என்ன வேணும் அண்ணே?" என்றுதான் கேட்பார்கள். தேத்தண்ணியும் தண்ணிதான், கோப்பியும் தண்ணிதான், மைலோவும் தண்ணிதான். பசியாறுவது என்றால் ரொட்டியோ தோசையோ வயிற்றில் விழ வேண்டும். அதனால் இரத்தம் எடுக்கப் போன மூன்று தடவையும், காலையில் எழுந்து, இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்துக் கலக்கிய ஒரு பெரிய மங்கு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பசியாறாமல், நல்ல பிள்ளையாக உன்னோடு மினிபஸ் ஏறினேன். மூன்று தடவையும் இரத்தத்தில் சீனி ஏகத்துக்கு இருந்தது. டாக்டர் மூன்று தடவையும் மாத்திரையைக் கூட்டினார். நீ தண்ணி என்று சொன்னாய், அப்பா தேத்தண்ணி என்று எடுத்துக்கொண்டார். இந்த வீட்டில் இதுவரை சொல்லப்பட்டு வந்த கதை இதுதான். அம்மாவும் இதைத்தான் நம்புகிறாள்.

கதையில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. அதை ஒளித்து வைத்தவன் நான். அந்த முதல் நாள், கிளினிக்கை விட்டு வந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நீ புத்தகப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தாய். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, டாக்டர் ப்ளெய்ன் வாட்டர்னு சொன்னாரு. தண்ணின்னா பச்சத்தண்ணி. ஆயர் கோசோங். தேத்தண்ணி இல்ல, சரியா?" என்றாய். மூன்று மொழியில் சொன்னாய், மாலா. இதற்கு மேல் ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? "சரிலா, சரிலா, பஸ்ஸு வருது பாரு" என்றேன். எனக்கு நன்றாகக் கேட்டது. நன்றாகப் புரிந்தது.

பிறகு ஏன் குடித்தேன் என்று கேட்பாய். நானும் பல வருஷம் என்னைக் கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. தேத்தண்ணி இல்லாமல் எனக்குக் காலையில் வயிறு கலக்காது, அது ஒன்று. இன்னொன்று, நான் குழாய் வேலை பார்த்தவன். தொட்டியில் ஊற்றியது கடைசிக் குழாய்க்கு வர நேரம் எடுக்கும். ஐந்து மணிக்குக் குடித்தது எட்டு மணிக்குள் கை நரம்புக்கு வந்துவிடுமா என்ன என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். டாக்டரிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிற நான் என் உடம்பைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. முதல் தடவை அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "இன்னிக்கு குடிக்கலாமா?" என்று கேட்டாள். "தண்ணி குடிக்கலாம்னு பாப்பா சொல்லிருச்சு" என்றேன். அங்கேதான் தொடங்கியது. அது பொய்யா என்றால், ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். பொய்யை அப்படியும் சொல்லலாம் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

புரட்டாசி சனிக்கிழமை விரதம் வந்தது. பூஜை முடியும்வரை பச்சைத்தண்ணிகூட பல்லில் படாது என்று நான் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். சனிக்கிழமை அரைநாள் வேலை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை, கூட்டிக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போனேன். பதினொரு மணிவாக்கில் கை நடுங்கியது, சட்டை நனைந்தது, எதிரில் இருந்த ரயில் பெட்டி இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் கீழே கிடந்தேன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை சீனியை அடியோடு இறக்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். என்னோடு வேலை செய்த யூசோப், அவருடைய அப்பாவுக்கும் இதே வியாதி என்பதால், பார்த்ததும் புரிந்துகொண்டு ஓடிப்போய் ஆரஞ்சுத் தண்ணி வாங்கி வந்து, "மினும் லா, மினும்" என்று வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அவர் மட்டும் அன்று லீவு போட்டிருந்தால் உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் வேறு மாதிரி அச்சாகியிருக்கும். விரதத்துக்காக விட முடிந்த தேத்தண்ணியை டாக்டருக்காக விட முடியவில்லை பார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாய்.

அடுத்த வாரம் கிளினிக்கில் அந்த பர்மா டாக்டர் என் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அவருக்கு எங்கேயோ இடித்திருக்கிறது. உன்னிடம் என்னவோ கேட்டார்.

"ரத்தம் எடுக்க வரப்ப காலையில என்ன குடிச்சிட்டு வருவீங்கன்னு கேக்குறாருப்பா."

"தண்ணிதான்."

நீ அதை அவரிடம் சொன்னாய். அவர் இன்னொன்று கேட்டார்.

"வெறும் தண்ணிதானான்னு கேக்குறாரு."

எனக்குப் பின்னால் ஒரு மிஸி நின்றுகொண்டிருந்தார். போன மாதம் ஒரு கிழவரை வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டியவர் அவர். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். சின்னப் பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டது என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது. உன்னைப் பார்க்காமல் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துச் சொன்னேன்: "தேத்தண்ணி குடிச்சேன். நீதானே தண்ணி குடிக்கலாம்னு சொன்ன."

நீ உடனே மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நாலைந்து சொல் சொன்னாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையில் எழுதினார். வெளியே வந்ததும், "என்ன சொன்ன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா. இனிமே ஆயர் கோசோங் மட்டும் குடிக்கணுமாம்" என்றாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நடையை வேகப்படுத்தினேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னதை நீயும் மறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒழுங்கா கேட்டு, ஒழுங்கா சொல்லக்கூடாதாடி? அப்பா செத்திருந்தா என்ன பண்ணுவ?" நான் உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் கழற்றினேன் தெரியுமா. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ எல்லாரிடமும் திருப்பிச் சொல்லக் கேட்க ஆரம்பித்தாய். ஐந்தாம் படிவத்தில் அறிவியலில் அத்தனை நல்ல மார்க் வாங்கினாய். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போடச் சொல்லி டீச்சர் விண்ணப்ப பாரத்தையே கொடுத்து அனுப்பினார். "எனக்கு ஆஸ்பத்திரி வேல வேணாம்பா" என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாய். அந்தப் பாரம் மேசையில் ஒரு வாரம் கிடந்து, அப்புறம் நீ அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கணக்குப் படிக்கிறாளே, நல்லதுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். போன வாரம் நீ அம்மாவிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது. கிள்ளானில் உன் மாமியாருக்கு இனிப்புநீர், ஊசி போட்டுக்கொள்கிறார்கள். "அந்த வீட்டுல எந்த வேலன்னாலும் செய்யிறேம்மா, அத்த மருந்துல மட்டும் நான் கை வைக்க மாட்டேன். நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேன்னா?" என்றாய். இருபத்தேழு வயதுப் பெண், ஒரு ஆபீஸின் கணக்கு முழுவதையும் பார்க்கிறவள், ஒரு மாத்திரைப் பொட்டலத்துக்குப் பயப்படுகிறாள். என் பயத்தை நீ சீதனமாகக் கொண்டுபோகப் போகிறாய் என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ஒரு ரகசியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த சாலாக் செலாத்தான் ஃபிளாட்டுக்குக் குடி வந்ததிலிருந்து நான் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் பழைய பள்ளிக்கூட அகராதியைக் காணவில்லை என்று இரண்டு தடவை தேடினாயே, அது என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. மருந்து டப்பா, நாசி லெமாக் சோறு சுற்றிவந்த பேப்பர், லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ் என்று எது கிடைத்தாலும் படிப்பேன். இந்த மொழி ஒரு வேடிக்கையான மெஷின், மாலா. எழுத்து ஒன்றாக இருக்கிறது, சத்தம் வேறொன்றாக வருகிறது. பாதி எழுத்து வேலையே செய்யாமல் சும்மா நிற்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் இது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஒரு நாள் உன்னிடம் சரளமாகப் பேசிக்காட்டி மயக்கம் போட வைக்கலாம் என்றிருந்தேன்.

போன மாதம் உன் கல்யாணப் பதிவுக்குப் பிறப்புப் பத்திரம் தேடினோம் இல்லையா? பிஸ்கட் டின்னில் அதற்கு அடியில் என் பழைய கிளினிக் அட்டை கிடந்தது. தேதியைப் பார்த்ததும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று நீ டாக்டரிடம் என்ன சொன்னாய் என்பது பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியாது. அப்பா பொய் சொல்கிறார் என்று சொன்னாயோ, தேத்தண்ணி என்று மட்டும் சொன்னாயோ, எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருந்தது. நான்கு நாள் உட்கார்ந்தேன். மகள் என்ற சொல் முதலில் பிடிபட்டது. பன்னிரண்டு என்ற எண். மொழிபெயர்க்கிறாள் என்பது அகராதியில் கிடைத்தது. 'மிஸ்டேக்' காதுக்குப் பழக்கமானது. மகள் மொழிபெயர்க்கிறாள், தன்னுடைய தப்பு என்கிறாள். அவ்வளவுதான் நீ சொன்னது. கிள்ளுகிற பிள்ளை என்று டீச்சர் உன்னைப் பற்றிச் சொன்னதையே மாற்றாமல் சொன்னவள், ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னாய், அதுவும் எனக்காக.

அதற்குக் கீழே இன்னும் மூன்று சொல் இருந்தது. கடைசிச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நடுவில் ஒரு 'பி' வந்தது. 'டவுப்ட்' என்று படித்துப் பார்த்தேன், அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. கடைசியில் அகராதியில் கண்டுபிடித்து, உச்சரிப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாம் தினமும் பேசுகிற 'டவுட்'டுதான் அது. சும்மா நிற்கிற எழுத்தில் அந்த 'பி'யும் ஒன்று. டாக்டர் எழுதியிருந்தார்: எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் நம்பவில்லை, மாலா. மொழி தெரியாத ஊரில், என் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் உண்மை தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அவர் மட்டும் எழுதியாவது வைத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா கேட்டதற்குக் கண்ணில் மருந்து விட்டேன் என்று சொன்னேன், இன்னொரு பொய்.

ஆகவே தேவி வேண்டாம். அவளுக்குப் பதிமூன்று வயது, அவள் வாயில் என் வியாதியை வைக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை நானே போகிறேன். சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன், அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான பாடமாக இருந்தது. டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ கிள்ளானுக்குப் போனதும், உன் மாமியாரின் மருந்தை எடுத்து வாசித்துப் பார். என்ன மருந்து, எதற்கு, எப்போது என்று அவர்களிடமே கேள். தெரியாததைக் கேட்பதில் எனக்கு இருந்த வெட்கம் உனக்கு வேண்டாம். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்கள் முன்னால் ஒரு தடவையாவது நீ செய்த தப்பை நீயே சொல்லிக்காட்டு. நான் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

கீழே அம்மாவின் குரல் கேட்கிறது, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று யாரையோ திட்டுகிறாள். நான் போய்த் தேத்தண்ணி கலக்கி வைக்கிறேன், எனக்குச் சீனி இல்லாமல். நீ இதைப் படித்து முடித்துவிட்டு சமையல்கட்டுக்கு வா. அம்மாவும் இருக்கட்டும், அவள் உன்னைத் திட்டிய திட்டு என்னைச் சேர வேண்டியது. நான் அவள் முன்னால் வாயைத் திறந்து சொல்கிறேன்: பாப்பா அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னாள், மூன்று மொழியில் சொன்னாள், தெரிந்தே குடித்தவன் நான், தப்பு என்னுடையது. சொல்லி முடித்ததும் நீ எல்லாரிடமும் கேட்பாயே, அதை நான் உன்னிடம் கேட்கப்போகிறேன். சும்மா தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடாதே. என் முகத்தைப் பார்த்து, ஒரு சொல் விடாமல், நான் என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லு.

அப்பா